மேஜர் அப்பப்பாவின் படம்: தோளையும் மார்பையும் நம்பலாமா?

2024 பெப்ரவரி 11, மாலை 6.15. தெகிவளை வாசகர் ஒருவரின் கேள்வி

"பழைய வீடுகளில் தொங்கும் சீருடைப் படங்களை வைத்து ஆளின் பதவி, பதக்கம், போன போர் எல்லாம் சொல்லுகிறார்கள். புகைப்படம் என்றால் சரி. நீர்வர்ணத்தில் கீறிய படத்தை எப்படி நம்புவது? கீறுகிறவர் பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நாலு நட்சத்திரம், ஒரு அரசமுடி, இரண்டு ரிபன் போட்டுவிடுவார். அது அலங்காரம். அதில் சரித்திரம் தேட ஏலாது."

2024 பெப்ரவரி 11, இரவு 10.40

தம்பி, இதை நான் ஒப்பமாட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் முன்விறாந்தையிலேயே அப்படியொரு படம் தொங்குகிறது. அப்பப்பாவின் தமையனார். வீட்டில் எல்லாருக்கும் அவர் "மேஜர் அப்பப்பா". காக்கிக் கோட், கழுத்துப்பட்டி, குறுக்கே தோல்பட்டை, பக்கத்துச் சின்ன மேசையில் தொப்பி. தலை வெறுந்தலை. நெற்றி சுருங்கிய, கடுமையான முகம். சின்ன வயதில் அந்த முகத்துக்குப் பயந்து நான் இரவில் விறாந்தைப் பக்கம் போகமாட்டேன்.

இன்றைக்குக் கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். தோளில் மூன்று நட்சத்திரம். மூன்று நட்சத்திரம் என்றால் கப்டன். ஒன்று இரண்டாம் லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கப்டன், அதற்கு மேல் மேஜருக்கு நட்சத்திரம் போய் ஒரு முடி மட்டும் வரும். பிரித்தானியப் படையில் 1902 முதல் இருந்த ஒழுங்கு அது, இலங்கைப் படையும் அதைத்தான் பின்பற்றியது. ஆக எங்கள் மேஜர் மேஜர் இல்லை, கப்டன். பார்த்தீர்களா? குடும்பம் சொன்னதைப் படம் திருத்துகிறது. அலங்காரத்துக்காகக் கீறியிருந்தால் வீட்டுக்காரர் சொன்ன பதவியையே போட்டிருப்பாரே.

2024 பெப்ரவரி 12, காலை 7.05

வேலைக்குப் போகமுன் ரிபன்களைப் பற்றி, அதாவது பதக்கத்தைக் குறிக்க மார்பில் குத்தும் நிறத்துணித் துண்டுகள்.

இடது மார்பில் இரண்டு. உட்பக்கத்தில் இருப்பது நடுவில் தீக்கொழுந்து நிறம், இரண்டு கரையும் பச்சை, பச்சையின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. இது பாதுகாப்புப் பதக்கம், இரண்டாம் உலகப்போர்ச் சேவைக்குப் பிரித்தானியா கொடுத்தது. தீ நிறம் எதிரியின் தாக்குதல், பச்சை நிலம், கறுப்பு இருட்டடிப்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். இங்கிலாந்தின் பச்சையை நினைத்துச் செய்த ரிபன்தான். ஆனால் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு மேல் வந்ததைக் கண்ட சனத்துக்கு அந்த மூன்று நிறமும் இந்த ஊரின் நிறம்தான்.

இரண்டாவது ரிபனில் நீலம் தெரிகிறது, மெல்லிய வெள்ளை தெரிகிறது, மற்றது தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு மங்கல். அதைப் பிறகு பார்க்கிறேன்.

முக்கியமானது இது. பாதுகாப்புப் பதக்கம் 1945இல்தான் ஏற்படுத்தப்பட்டது. "குண்டு விழுந்த வருசம் கீறின படம்" என்று வீட்டில் சொல்லும் கதை அப்போது பிழை. தொப்பிச் சின்னத்தின் உச்சியில் ஒரு முடியும் இருக்கிறது. மன்னர் காலத்து முடி வளைவு மேலெழுந்து குவிந்திருக்கும், எலிசபெத் வந்த பிறகு நடுவில் குழிந்த முடி. எங்கள் படத்தில் குவிந்ததுபோலத்தான் தெரிகிறது. ஆகவே 1945க்கும் 1953க்கும் இடையில்.

2024 பெப்ரவரி 12, இரவு 9.30

மட்டக்குளி அக்கா கேட்டிருக்கிறார், அந்தக் குறுக்குப் பட்டை எதற்கு என்று. அது சாம் பிரவுன் பட்டை. சாமுவேல் பிரவுன் இந்தியாவில் படை நடத்தியவர், 1858இல் சண்டையில் இடக்கையை இழந்தார். ஒற்றைக் கையால் வாளை உருவும்போது உறை ஆடக்கூடாது என்பதற்காக வலத்தோளிலிருந்து ஒரு பட்டை போட்டு இடுப்புப் பட்டையைத் தாங்கச் செய்தார். வாள் போன பிறகும் பட்டை நின்றுவிட்டது. ஊனமுற்ற ஒருவரின் வசதிக்காகப் பிறந்த தோல்வார் பிறகு உலகமெங்கும் அதிகாரத்தின் அடையாளமாகிவிட்டது என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு கனக்கும்.

தொப்பியில் ஊதுகொம்பும் யானையும். கொம்பு இலகு காலாட்படைக்கு உரியது. பரந்து சிதறி ஓடிச் சண்டை பிடிப்பவர்களுக்கு மேளச்சத்தம் எட்டாது, கொம்பொலிதான் கட்டளை. யானை எங்கள் நாட்டுக்கு. ஆகவே இலங்கை இலகு காலாட்படை, 1881இல் தொண்டர் படையாகத் தொடங்கியது. இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதியாக 1955இல் வந்த அன்ரன் முத்துக்குமாருவும் அந்தப் படையணியில் வளர்ந்த தமிழர்தான். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பாமல் பார்க்கிறார்கள்.

கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி என்று ஒன்று இருக்கிறதே, 1873இல் கலைக்கப்பட்ட ரைபிள் படையணியின் பெயர் அது. அதில் மலாய்க்காரர் நிறையப்பேர் இருந்தார்கள். படை போய் 150 வருசம் கடந்தும் வீதிப் பலகையில் பெயர் நிற்கிறது. நான் விலகிப் போகிறேன், நாளைக்கு வருகிறேன்.

2024 பெப்ரவரி 14, இரவு 8.50

முதல் நாள் எழுதியதில் பிழை. பெரிய பிழை.

கைபேசிப் படத்தை நம்பி மூன்று நட்சத்திரம் என்றேன். இன்றைக்கு அண்ணாவின் முத்திரைச் சேகரிப்புக் கண்ணாடியை வாங்கி, படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, யன்னலோரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நட்சத்திரம்தான். மூன்றாவது பூஞ்சணப் புள்ளி. கடற்காற்றும் ஈரமும் கடதாசியில் போடும் அந்தச் செம்மண்ணிறப் பொட்டு, சரியாகத் தோள்பட்டையில், சரியாக அடுத்த நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில். உண்மையான நட்சத்திரம் இரண்டிலும் நடுவே ஒரு வட்டத்தை நுனித்தூரிகையால் வைத்திருக்கிறார் கீறினவர். புள்ளியில் அது இல்லை, கரை மட்டும் கலங்கி நிற்கிறது.

ஆகவே லெப்டினன்ட். அப்பாவிடம் சொன்னேன். "அவர் லெப்டினன்டாத்தான் விலகினவர், அது எனக்குத் தெரியும்" என்றார். பிறகேன் மேஜர்? "தொப்பியில முடி இருக்குத்தானே. முடி எண்டா மேஜர் எண்டு ஆரோ சொன்னது, அப்பிடியே நிண்டிட்டுது." தோளில் இருக்கவேண்டிய முடியைத் தொப்பியில் கண்டு, எண்பது வருசமாக ஒரு பதவி வளர்ந்திருக்கிறது. தம்பி, படம் பொய் சொல்லவில்லை. வாசித்த நாங்கள்தான் பிழை.

2024 பெப்ரவரி 18, பிற்பகல்

இன்று ஞாயிறு. பிறேமைக் கழற்றினேன். செய்திருக்கக்கூடாதோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது. ஆணிகள் துருவாகிக் கையோடு வந்துவிட்டன. கண்ணாடி கடதாசியில் ஒட்டியிருக்கவில்லை, அது பெரிய ஆறுதல்.

கண்ணாடி இல்லாமல் பார்க்கும்போது இரண்டு விசயம்.

முதலாவது, முடி. 12ஆம் திகதி நான் வளைவைப் பார்த்து வருசம் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அது மன்னரின் முடியும் இல்லை, எலிசபெத்தின் முடியும் இல்லை. அடுக்கடுக்காகக் கூம்பிப் போகிறது, உச்சியில் ஒரு மொட்டு. கலண்டரில் முருகனுக்கு இருக்குமே, அந்த மகுடம். ஆளின் கை தனக்குப் பழக்கமான முடியைக் கீறிவிட்டது. அதற்குக் கீழே இருக்கும் யானையைப் பாருங்கள், நெல்மணி அளவுதான், ஆனால் முதுகின் மேடும் காதின் மடிப்பும் பின்காலின் தளர்வும் அத்தனை சரி. யானையை அவர் பார்த்திருக்கிறார். லண்டன் முடியைப் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் தம்பி சொன்னது பாதி சரியென்று ஒப்புக்கொள்ளவேண்டும். முடியை வைத்து இந்தப் படத்துக்கு வருசம் சொல்ல ஏலாது.

இரண்டாவது, ரிபன். கோட் முழுக்க மெல்லிய கழுவல், அதாவது நிறையத் தண்ணீர் கலந்து பூசிய சாயம். காக்கி நிறம் கடதாசியின் குழிகளில் மணல்போலத் தங்கியிருக்கிறது, கீழே கடதாசி ஒளி விடுகிறது. ரிபன்கள் அப்படியில்லை. வெள்ளை கலந்த தடித்த சாயம், காக்கிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் விளிம்பு எழும்பித் தெரிகிறது, பாதுகாப்புப் பதக்கத்தின் ஓரத்தில் அடியிலிருக்கும் காக்கி மணலும் தெரிகிறது. ரிபனுக்கென்று இடம் விட்டுக் கோட்டைக் கீறவில்லை. கோட் காய்ந்த பிறகு, எவ்வளவு காலத்துக்குப் பிறகோ, மேலே வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் "குண்டு விழுந்த வருசம்" என்ற வீட்டுக் கதையும் சரியாக இருக்கலாம். நான்தான் அவசரப்பட்டேன்.

2024 பெப்ரவரி 19, காலை

இரண்டாவது ரிபன் போர்ப் பதக்கம், 1939 முதல் 1945 வரையானது. சிவப்பு, நீலம், வெள்ளை, நடுவில் மெல்லிய சிவப்பு. சிவப்பு வெளிறித் தேத்தண்ணியாகிவிட்டது, நீலம் பிழைத்துக்கொண்டது. செந்நிறங்களில் பல வெயிலுக்குத் தாங்காது, எங்கள் விறாந்தைக்குப் பின்னேர வெயில் நேராக விழும். பாதுகாப்புப் பதக்கம் உட்பக்கம், போர்ப் பதக்கம் வெளிப்பக்கம். ஒழுங்கும் சரி.

2024 பெப்ரவரி 25, இரவு 11.20

யாரோ கேட்டிருந்தார்கள், கொழும்பில் தமிழ் வீட்டுக்குள் ஆமிக்காரர் படத்தை எப்படித் தொங்கவிட்டு வைத்திருந்தீர்கள் என்று. மூன்று நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

1996 ஜனவரி 31, மத்திய வங்கிக் குண்டு. அதற்குப் பிந்திய கிழமைகளில் வெள்ளவத்தையில் சோதனை இல்லாத இரவு குறைவு. எனக்குப் பதினான்கு வயது. ஒரு விடியப்புறம் கதவைத் தட்டினார்கள். ஐந்தாறு பேர். அப்பா அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் தாளையும் மேசையில் அடுக்கினார், வழக்கம்போல. அம்மா எங்களைச் சுவரோடு நிற்கவைத்தா. அலுமாரியைத் திறந்தார்கள், அரிசி வாளிக்குள் கையை விட்டார்கள்.

அதில் ஒரு பெடியன், அண்ணாவை விட இரண்டு வயதுதான் கூட இருப்பான், விறாந்தையில் நின்று ரோர்ச் லைட்டைப் படத்தில் அடித்தான். முகத்தில் இல்லை. மேசைமேல் தொப்பியில். கிட்டப் போனான். "மே அப்பே அலியா நே" என்றான். இது எங்கட யானையல்லவா என்று. அவனுடைய தொப்பியிலும் அதே யானை, அதே கொம்பு.

அப்பா சிங்களத்தில் சொன்னார், என் பெரியப்பா, உங்கள் படையணிதான், பெரிய போர்க்காலத்தில் என்று. அந்தப் பெடியன் அப்பாவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. லைட்டைத் தாழ்த்தினான்.

அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு விட்டார்கள். அடிக்கவில்லை, முழுநாளும் நிலத்தில் இருத்தியிருந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்களாம். அன்றைக்கு முழுக்க அம்மா அந்தப் படத்துக்குக் கீழேதான் இருந்தா, வாசலைப் பார்த்தபடி.

இறக்கிவிடுவமா என்று அம்மா பிறகு கேட்டா. அப்பா வேண்டாம் என்றார். "பயத்துக்கு மாட்டினதில்லை, பயத்துக்கு இறக்கவும் மாட்டன்."

சின்னங்களைப் பற்றி நான் இவ்வளவு மினக்கெட்டுக் கதைப்பதற்கு அந்த விடியப்புறம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அவன் யானையை அடையாளம் கண்டான்.

2024 மார்ச் 3, மாலை

பின்பலகையில் பென்சில் எழுத்து! தூசியைப் பழந்தூரிகையால் தட்டியபோது தெரிந்தது. தமிழில்:

"பச்சை – கறுப்பு – பச்சை – தோடம்பழ நிறம் – பச்சை – கறுப்பு – பச்சை."

அதற்குக் கீழே இன்னொரு வரி, அதில் "சிவப்பு" என்ற சொல்லும் "வெள்ளை" என்ற சொல்லும் மட்டும் வாசிக்க முடிகிறது.

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு 83. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் போனனான்" என்றார். ஆறு வயது, 1947. அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தார்கள். பூட்டி, அதாவது படத்திலுள்ளவரின் தாய், இந்தப் படத்தை வெள்ளைச் சீலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கிராண்ட்பாஸ் பக்கத்திலிருந்து புறக்கோட்டைக்கு டிராமில் போனாவாம், அப்பாவையும் இழுத்துக்கொண்டு. ஒரு ஒடுங்கிய கடை, படம் கீறுகிறவர் சாரத்தோடு இருந்தார், கறுவாச் சுருட்டு மணம். பூட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ரிபன் துண்டு இரண்டை எடுத்து மேசையில் வைத்தா. அவர் தொட்டுப் பார்த்து, நிறத்தைச் சொல்லிச் சொல்லி எழுதினார். ரிபனை அவரிடம் விட்டுவர பூட்டி சம்மதிக்கவில்லை. அதனால்தான் பென்சிலில் எழுதியிருக்கிறார்.

பச்சைக்கு நடுவே கறுப்பு, எண்ணிப் பாருங்கள், ஒரு கோடு பிசகவில்லை. தம்பி, "பார்வைக்கு எடுப்பாக" என்றீர்களே.

2024 மார்ச் 5

ரொறன்ரோவிலிருந்து மாமி வட்ஸ்அப்பில் அனுப்பிய புகைப்படம்: அதே இருப்பு, அதே சின்ன மேசை, அதே தொப்பி. ஸ்ரூடியோப் படம். இதைப் பார்த்துத்தான் கீறியிருக்கிறார். மார்பு வெறுமை, எதிர்பார்த்ததுதான். ஆனால் புகைப்படத்தில் நெற்றியும் வழுவழுவென்று இருக்கிறது. ஒரு சுருக்கம் இல்லை. சிரிக்கப்போகிற முகம்.

கீறினவர் ஏன் அவரைக் கடுமையாக்கினார்? அதிகாரி என்றால் நெற்றி சுருங்கவேண்டும் என்று நினைத்தாரா? அப்படியானால் தம்பியின் கட்சிக்கு இதுதான் பலமான சாட்சி. இரண்டு நாளாக மனம் சரியில்லை.

2024 மார்ச் 16, இரவு

கடதாசி ஓவியங்களைப் பராமரிக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெயர் போடவேண்டாம் என்றார். பூஞ்சணத்துக்கும் பின்பலகையின் புளிப்புக்கும் (அமிலத் தன்மைக்கும்) வழி கேட்கத்தான் போனேன். அவர் நெற்றியிலேயே நின்றுவிட்டார்.

உருப்பெருக்கியை என்னிடம் தந்து, "சுருக்கம் எண்டா நிழல் மெல்லமாக் கரைய வேணும். இது பாருங்கோ" என்றார். பார்த்தேன். மூன்று கோடு. ஒரே அகலம், ஒரே நீளம், சமாந்தரம். கழுவல் இல்லை, தடித்த சாயம். சாம்பலும் கறுப்புமாக.

ஈயவெள்ளை என்றார். ஈயத்திலிருந்து செய்யும் வெள்ளை நீர்வர்ணத்தில் காலப்போக்கில் காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். அதனால்தான் 1834இல் நாகவெள்ளை, அதாவது துத்தநாகத்திலிருந்து செய்யும் வெள்ளை, விற்பனைக்கு வந்ததும் நீர்வர்ணக்காரர் அதற்கு மாறினார்கள். ரிபனிலுள்ள வெள்ளை கறுக்கவில்லை, அது நாகமாக இருக்கவேண்டும். ஒரே படத்தில் இரண்டு வெள்ளை, இரண்டு காலம். கடைக்காரர் முதல்தரம் கையில் கிடைத்ததைப் பாவித்திருக்கிறார், 1947இல் வேறு புட்டி.

என்னிடம் சம்மதம் கேட்டுவிட்டு, ஊசிமுனையளவு பஞ்சில் நீர்த்த ஐதரசன் பேரொட்சைட்டைத் தொட்டு, கீழ்க்கோட்டின் வலது நுனியில் மட்டும் வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சாம்பல் நிறம் மெல்ல மெல்ல விலகி, எள்ளளவு இடம் வெளுத்தது.

திருநீறு.

சுருக்கமே இல்லை. மூன்று குறி திருநீறு. சீருடையோடு ஸ்ரூடியோவுக்குப் போன பிள்ளையின் நெற்றி வெறுமையாக இருந்தது தாய்க்குப் பொறுக்கவில்லை, படத்தில் பூசுவித்திருக்கிறா. எண்பது வருசத்தில் அது கறுத்துக் கோபமாகிவிட்டது. நான் பயந்து ஒளித்தது அதற்குத்தான்.

பெப்ரவரி 11இல் நெற்றியைப் பற்றி எழுதியதை நீக்கமாட்டேன், இருக்கட்டும். தோள், மார்பு, தொப்பி என்று ஒவ்வொரு அடையாளத்தையும் எண்ணினேன். பூட்டி முதலில் வைக்கச் சொன்னதை எண்ணவேயில்லை.

2024 மார்ச் 17, காலை 6.40

மிச்சத்தையும் வெளுக்கவைக்கவா என்று அவர் கேட்டிருந்தார். அப்படியே விடுவதும் ஒரு முறைதான், கறுத்ததும் படத்தின் வரலாறு என்றார். எனக்கும் அந்த எண்ணம் கொஞ்சம் இருந்தது.

அப்பாவிடம் கண்ணாடியைக் கொடுத்து அந்த வெள்ளை நுனியைக் காட்டினேன். கை நடுங்கியதால் கனநேரம் தேடினார். கண்டதும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "மூண்டையும் செய்யச் சொல்லு" என்றார். "மனிசி டிராமில சுமந்துகொண்டு திரிஞ்சது."

செவ்வாய்க்கிழமை கொண்டுபோகிறேன். பின்பலகை திரும்பப் படத்தோடு சேராது, புளிப்பு. அதைத் தனியாக மடித்தாளில் வைத்து அலுமாரிக்குள் வைக்கிறோம். படம் வந்ததும் விறாந்தையில் மாட்டுவதில்லை, சாமியறைக்குப் போகும் நடையில் வெயில் படாத சுவர் ஒன்று இருக்கிறது. ஆணி அடித்தாயிற்று.

தம்பி, உங்கள் வீட்டிலும் அப்படியொரு படம் இருந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கழற்றுவதற்கு என்னைப்போல் தனியாக இறங்கவேண்டாம்.